சுவிச் இருக்கிற வீடு

சூசைத்துறை,
யாழ்ப்பாணம்.
29 ஜூன் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

றொசானா எழுதுகிறேன். நான் சுகம். முழங்கால் மட்டும் மழை வரமுன்னரே எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறது. உங்கள் இடுப்பு நோவு எப்படி? மச்சாள் பிரஷர்க் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாவா?

போன் இருக்கிற காலத்தில் இவளுக்கென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போன மாதம் நான் மனம்விட்டுக் கதைத்ததை நீங்கள் ஸ்பீக்கரில் போட்டு மொன்றியலில் இருக்கிற நம் ஊர்ச்சனம் முழுவதையும் கேட்க வைத்தீர்கள். அடுத்த நாள் பாண் வாங்கப் போனால், "என்ன அக்கா, மைதானத்தைச் சபைக்குக் குடுக்கப் போறியளாம்?" என்று கடைக்காரன் கேட்கிறான். அதனால் சுகம் விசாரிக்கப் போன், மைதானத்துக்குக் கடிதம். கடிதத்தை ஸ்பீக்கரில் போட ஏலாது.

அனோஜினிக்கு மூன்றாம் மாதம். முன்பு இரண்டு தடவை தங்காமல் போனது உங்களுக்குத் தெரியும். இந்தமுறை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் விடிய வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருகிறார். வந்து தன்னோடேயே இருக்கும்படி பிள்ளை நீர்கொழும்பிலிருந்து தினமும் அழுகிறாள்.

நான் எப்படிப் போவது? உங்கள் பிள்ளை டனிஸ்ரனின் முதலாம் ஆண்டு நினைவுக்கே உதைபந்து மைதானத்தைத் திறக்க வேண்டும் என்று நீங்கள் நின்ற அவசரத்தில், பிரதேச சபையின் அனுமதிக்குப் பொறுக்காமல், காணி உறுதிப் பத்திரத்தை என் பெயரில் முடித்தோம். மைதானத்து லைற்றுக்குக் கரண்டையும் என் வீட்டு மீற்றரிலிருந்தே இழுத்தோம். தற்காலிகம் என்றீர்கள். மூன்று வருடத்துக்கு மேலாகத் தற்காலிகமாகவே இருக்கிறது. சுவிச் என் விறாந்தைச் சுவரில். பொழுதுபட்டால் பெடியள் படலையில் வந்து "லைற் அன்ரி" என்று கூப்பிடுவார்கள். ஓர் இரவு வெளியில் தங்கினது கிடையாது. நாடு முழுக்க மின்வெட்டு வந்த வருடம் எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டினார்கள். நான் மட்டும் நேரத்துக்குப் படுத்தேன்.

இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. தேர்தல் முடிந்து பிரதேச சபைக்குப் புதுத் தவிசாளர் வந்திருக்கிறார். மைதானத்தைச் சபை பொறுப்பெடுக்கும் என்கிறார். தனி மீற்றர், காவலாளி, புல்லு வெட்ட ஆள் எல்லாம் தருவாராம். அதற்கு நான் நன்கொடை உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே இருக்கிற நம் ஊர் ஒன்றியம் சம்மதக் கடிதம் தர வேண்டும். பொதுச் சொத்தில் தனியார் பெயர் இருக்கக் கூடாதாம், ஆகவே டனிஸ்ரனின் பெயர் எழுதின வாசல் வளைவை இறக்க வேண்டும். டிசெம்பரில் சபையின் வரவு செலவுப் பாதீடு வருகிறது, அதற்கு முன் எல்லாம் முடிய வேண்டும்.

வளைவைப் பற்றி எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதிவிட்டேன். மச்சாளோடும் கலந்து ஒரு முடிவு சொல்லுங்கள்.

அன்புத் தங்கச்சி,
றொசானா


மொன்றியல்,
கனடா.
27 ஜூலை 2025

அன்புள்ள தங்கச்சி,

கர்த்தர் கிருபையால் நாங்கள் நலம். றெஜினாவின் பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது. அனோஜினிக்காகச் செபிக்கிறோம். அவளை நல்லாகச் சாப்பிடச் சொல்.

இங்கே தாங்க ஏலாத வெக்கை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வெயர்ஹவுஸின் கூரை தகரம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இதை எழுதுகிறேன். பக்கத்தில் இருக்கிற எய்ற்றி நாட்டுக்காரன் நம் எழுத்தைப் பார்த்துவிட்டு, படம் கீறுகிறாயா என்று கேட்கிறான்.

நீ எழுதியது பெரிய விஷயம். நான் தனிய முடிவெடுக்க ஏலாது. ஒன்றியக் கமிற்றி கூட வேண்டும். கோடை விடுமுறையில் ஆளாளுக்கு ஒவ்வொரு இடத்தில், பேந்து விடுமுறை முடியக் கூட்டிக் கதைக்கிறேன். ஊர்க் கோயில் பெருநாளுக்கு நம் ஒன்றியத்து அருமைநாதன் வருகிறார். அவரிடம் புது எல்.ஈ.டி. லைற்றுகள் கொடுத்துவிடுகிறேன். கரண்ட் அரைவாசி மிச்சம்.

நீ அனுப்பின வீடியோவில் வளைவைப் பார்த்தேன். உப்புக் காற்றில் பெயின்ற் உரிந்து "டனிஸ்ரன்" என்பதில் முதல் எழுத்து மங்கிப்போய் இருக்கிறது. கொடியேற்றத்துக்கு முன் ஒருவரைப் பிடித்து அதை மட்டும் அடித்துவிடு. மறக்காதே.

அன்புடன்,
அண்ணை மரியதாசன்


சூசைத்துறை
24 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

தேவதாய் உங்கள் எல்லோரையும் காக்க வேண்டும். என் முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறேன், பரவாயில்லை.

நான் மூன்று விஷயம் எழுதினேன். நீங்கள் நாலாவதற்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். எழுத்துக்குப் பெயின்ற் அடித்தாயிற்று. ஏணியில் ஏறியவன் அப்படியே வளைவின் இரும்பையும் பார்த்துவிட்டு, அடியில் துரு பிடித்துவிட்டது, அடுத்த மாரிக்குத் தாங்காது என்றான். பெயர் பளபளக்கிறது, கால் உக்குகிறது.

இன்னொன்றும் நடந்தது. சொல்லாமல் விடுவோம் என்றுதான் இருந்தேன். பார்வையாளர் அரங்கில் ஒரு படி இற்று உடைந்து ஒரு பிள்ளைக்குக் கை முறிந்துவிட்டது. தகப்பன் பொலிசில் சொல்லிவிட்டார். அவரில் பிழையில்லை. பொலிஸ்காரர் மைதானத்தின் சொந்தக்காரர் யார் என்று கேட்டுக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தார்கள். உறுதியில் என் பெயர் அல்லவா? வாழ்க்கையில் முதல்முறை பொலிஸ் நிலையத்தில் மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். தகப்பன் நல்ல மனிதர் என்றபடியால் வழக்காகாமல் முடிந்தது. அடுத்த தகப்பனும் அப்படி இருப்பாரா?

அனோஜினிக்கு ஐந்தாம் மாதம். கூரையையே பார்த்துக்கொண்டு கிடக்கிறாளாம். கூரையில் எத்தனை ஓடு என்று சொல்லட்டா அம்மா என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

கமிற்றி கூடிற்றா? மச்சாள் என்ன சொல்கிறா? அதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை.

றொசானா


மொன்றியல்
20 செப்டெம்பர் 2025

அன்புள்ள தங்கச்சி,

சுகம், சுகமே வேண்டுகிறேன். உடைந்த படியைப் பற்றி வாசித்து மனம் சரியில்லை. அந்தப் பிள்ளைக்குக் கை பொருந்திவிட்டதா? படிக்கட்டைத் திருத்த ஆளைப் பார். ஆகும் செலவை நான் அனுப்புகிறேன்.

கமிற்றியில் கதைத்தோம். கொஞ்சம் பொறுத்துச் செய்யலாம் என்பது எல்லோருடைய அபிப்பிராயம். சபையை நம்பிக் கொடுத்துவிட்டு, பிறகு அங்கே மாடு கட்டினால் யார் கேட்பது?

லைற்றுகள் கிடைத்திருக்கும். போட்டதும் படம் எடுத்து அனுப்பு. வளைவும் விழுகிற மாதிரி எடு.

றெஜினாவின் பிரஷர் பரவாயில்லை.

அண்ணை


சூசைத்துறை
12 ஒக்ரோபர் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை.

அருமைநாதன் பெருநாளுக்கு வந்தார். லைற்றுகளைத் தந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில், கமிற்றி என்ன முடிவில் இருக்கிறது என்று சும்மாதான் கேட்டேன். அந்த மனிதன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "என்ன கமிற்றி, தங்கச்சி? போன வருஷத்தோட எல்லாம் கலைஞ்சுபோச்சு. ஆளுக்காள் சண்டை. மரியதாசன் அண்ணைதான் தனிய இழுத்துக்கொண்டு நிக்கிறார்" என்றார். லைற், மோட்டர், புல்லு, என் கரண்ட் பில், எல்லாம் நீங்கள் ஒருவராம். சனிக்கிழமைகளிலும் வேலைக்குப் பெயர் கொடுக்கிறீர்களாம். அந்த இடுப்போடு பெட்டி தூக்குகிறீர்கள். நான் இங்கே ஒன்றியம் தருகிறது, ஒன்றியம் தருகிறது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது. இல்லாத கமிற்றியையா நீங்கள் எனக்கு மூன்று மாதமாகக் கூட்டிக் காட்டினீர்கள்?

ஒரு கிழமையாவது போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவோம் என்று வீட்டுப் பூட்டின் திறப்பை மேற்குத்தெரு விளையாட்டுக் கழகத் தலைவனிடம் கொடுத்தேன். அன்றிரவே கிழக்குத்தெருக் கழகம் வயரை வெட்டிவிட்டது. சுவிச் ஒரு கழகத்தின் கையில் இருக்கிறதைக் கண்டுகொண்டு இருக்கமாட்டார்களாம். நான் பஸ்ஸில் வவுனியா தாண்டவில்லை, போன் வந்துவிட்டது. இறங்கித் திரும்பி வந்தேன். ஊரில் இரண்டு பகுதிக்கும் பொதுவாக இருக்கிற ஒரே ஆள் நான்தானாம். இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

அனோஜினி வழி பார்த்துக்கொண்டு கிடந்தாள். வரவில்லை என்று சொன்னதும் போனை வைத்துவிட்டாள்.

அண்ணை, ஒன்றியம் இல்லையென்றால் அதன் கடைசித் தலைவர் நீங்கள்தான். ஒரு சம்மதக் கடிதம் எழுதுங்கள். அது போதும். மச்சாளிடமும் கேளுங்கள். இதோடு மூன்றாம் முறை கேட்கிறேன்.

றொசானா


மொன்றியல்
16 நவம்பர் 2025

அன்புள்ள தங்கச்சி,

எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. இங்கே தபால்காரர் வேலைநிறுத்தம் செய்ததால் உன் கடிதம் சுணங்கித்தான் வந்தது. வந்தும் இரண்டு கிழமை வைத்திருந்தேன். அந்த இரண்டு கிழமைக்கு வேலைநிறுத்தம் காரணமில்லை.

அருமைநாதனில் கோபமில்லை. அவர் சொன்னது சரி.

உனக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். டனிஸ்ரன் போன பிறகு, அவன் சின்ன வயதில் ஐஸில் சறுக்கிப் பழகின பூங்காவுக்குப் பக்கத்தில் நான் அடிக்கடி போய் நிற்பேன். பனிக்காலத்தில் நகரசபை ஆட்கள் குழாய் பிடித்துத் தண்ணீர் விட்டு நிலத்தை உறைய வைப்பார்கள். பிள்ளைகள் வந்து ஹொக்கி விளையாடுவார்கள். காசு இல்லை, திறப்பு இல்லை, யாரையும் கேட்கத் தேவையில்லை. அங்கே ஒரு வாங்கிலாவது அவன் பெயரைப் போடலாமா என்று போய்க் கேட்டேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள், அப்படிச் செய்வதில்லை என்று. இந்த நகரத்தில் பிறந்து இந்த நகரத்தில் செத்த பிள்ளை. கல்லறைக்கு வெளியே, அவன் இருந்தான் என்று சொல்ல ஓர் ஆணிகூட இங்கே இல்லை. அப்போதுதான் ஊரில் கட்டுவோம் என்று நினைத்தேன்.

உலகத்தில் அவன் பெயர் எழுதியிருக்கிறது இரண்டு இடத்தில். ஒன்று கல்லறை. அங்கே நான் போவதில்லை, போக ஏலாது. மற்றது உன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வளைவின் படத்தைப் போனில் வைத்திருக்கிறேன். வேலைக்கு முன் ஒருமுறை பார்ப்பேன். அதை இறக்கு என்று என் கையால் எழுதச் சொல்கிறாயே.

வேறு எதையும் கேள். உனக்குச் சம்பளத்துக்கு ஓர் ஆள் பிடிக்கிறேன். அனோஜினிக்குத் துணைக்கு ஓர் ஆளை நீர்கொழும்பிலேயே பிடிக்கலாம், செலவு என்னுடையது. இந்தக் கடிதத்தை மட்டும் கேட்காதே.

அண்ணை


சூசைத்துறை
14 டிசெம்பர் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

கர்த்தர் உங்களுக்குப் பலம் தர வேண்டும். இதை வாசிக்க அது தேவை.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்குக் கீழ் வைத்துக்கொண்டு அழுதேன். நாலாம் நாள் உறுதி எழுதுகிற நொத்தாரிசிடம் போனேன். ஒன்றியத்தின் கடிதம் மரியாதைக்குக் கேட்பதுதான், சட்டத்துக்கு உறுதிக்காரியின் கையெழுத்தே போதும் என்று அவர் ஒக்ரோபரிலேயே எனக்குச் சொல்லியிருந்தார். நான் உங்களுக்கு எழுதவில்லை. நீங்களாகத் தருவீர்கள் என்று பார்த்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை கையெழுத்து வைத்துவிட்டேன்.

டனிஸ்ரன் என் மருமகன், அண்ணை. கமராவில் முகத்தை வைத்து "மாமி சுகமோ" என்று கேட்டுவிட்டு, அதற்கு மேல் தமிழ் வராமல் சிரித்துக்கொண்டு நிற்பான். அந்தப் பிள்ளையை நானும் மறக்கமாட்டேன். ஆனால் உங்கள் பிள்ளை போய்விட்டான், என்னுடைய பிள்ளை இருக்கிறாள். கட்டிலில் கிடந்து என்னைக் கூப்பிடுகிறாள். காசுக்கு ஆள் பிடிக்கச் சொல்கிறீர்கள். சுவிச்சுக்குப் பிடிக்கலாம். தாய்க்குப் பிடிக்கலாமா?

நேற்று வளைவை இறக்கினார்கள். பெரிய சத்தம் இல்லை. பெயர்த்தகட்டை எறிய விடவில்லை, துணியால் சுற்றி உள் அறையில் வைத்திருக்கிறேன். வந்து நின்ற பெடியன் ஒருவன், "அன்ரி, டனிஸ்ரன் எண்டது ஆர்? கடலில செத்த ஆளோ?" என்று கேட்டான். அவன் அந்த வளைவுக்குக் கீழால் தினமும் போய் விளையாடினவன். இதை உங்களை நோகப்பண்ண எழுதவில்லை. ஆனால் எழுதாமல் விடவும் மனமில்லை.

சபை புது மீற்றர் பூட்டிவிட்டது. என் சுவரில் வயர் கழன்ற ஓட்டை மட்டும் இருக்கிறது. நாளைக் காலை பஸ். நீர்கொழும்பு விலாசம் பின்பக்கத்தில்.

என்னைத் திட்டுங்கள், ஆனால் எழுதுங்கள்.

றொசானா


நீர்கொழும்பு
18 ஜனவரி 2026

அன்புள்ள அண்ணைக்கும் மச்சாளுக்கும்,

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். சத்திரசிகிச்சைதான், ஆனால் தாயும் பிள்ளையும் நல்ல சுகம். நிறை கொஞ்சம் குறைவு, குரல் கொஞ்சம் கூட. அனோஜினி முதல் நாள் என் சேலைத் தலைப்பைப் பிடித்தபடியே நித்திரையானாள். நான் அசையாமல் இருந்து என் முழங்கால் விறைத்துப்போனது.

நத்தார்ப் பெருநாளுக்குப் போன் எடுத்தேன், புதுவருடத்துக்கும் எடுத்தேன். நீங்கள் போனைத் தூக்கவில்லை. பிள்ளை பிறந்த பிறகு எடுத்தபோது மச்சாள் ஒருமுறை தூக்கினா. "பிள்ளை எப்பிடி?" என்று கேட்டா, எப்படிப் பிறந்தது, பால் குடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டா. இவ்வளவு கதைத்து நான் கேட்டதேயில்லை. உங்களைக் கேட்டதும், இருக்கிறார் என்று மட்டும் சொன்னா.

எனக்கு இரவில் நித்திரை வருகிறது, அண்ணை. அது எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

தங்கச்சி


மொன்றியல்
21 பெப்ரவரி 2026

அன்புள்ள றொசானாவுக்கு,

பேத்தியும் அனோஜினியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். படம் பார்த்தோம். மூக்கு உன்னுடையது.

போன கிழமை டனிஸ்ரனின் ஐந்தாம் ஆண்டுப் பூசை. அதற்கு முன் உனக்கு எழுத என்னால் முடியவில்லை.

நீ வளைவை இறக்கின கடிதம் வந்த அன்று உன்னைத் திட்டினேன். வீட்டுக்குள் நின்று சத்தமாகத் திட்டினேன். என்ன என்று றெஜினா கேட்டாள். கடிதத்தை நீட்டினேன். நின்றபடியே முழுவதையும் வாசித்தாள். மடித்து என் கையில் தந்துவிட்டு, "நல்லது. இனியாவது அவன் எங்கட பிள்ளையா இருக்கட்டும்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவளையும் திட்டப் போனேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "வேலையால வந்தால் லைற்றைப் பற்றிக் கதைப்பியள். புல்லைப் பற்றி, மோட்டரைப் பற்றிக் கதைப்பியள். பிள்ளையைப் பற்றி ஒரு நாள் கதைச்சியளோ? அவன் உதைபந்து விளையாடினவனே இல்லை. எனக்கு அழ ஓராள் தேவைப்பட்டுது, நீங்கள் சனிக்கிழமையும் வேலைக்குப் போயிட்டியள்" என்றாள். திறப்புவிழாப் படத்தை அவள் ஒருநாளும் பார்த்ததில்லையாம். எனக்கு அது தெரியாது. நீ எத்தனை கடிதத்தில் மச்சாள் என்ன சொல்கிறா என்று கேட்டாய். நான் அவளைக் கேட்கவே இல்லை. நீ கேட்டாய் என்றும் அவளுக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் ஜனவரி முழுக்க நான் சனிக்கிழமைகளில் வேலைக்குப் போனேன். எதற்கென்று தெரியாது. அங்கே அனுப்ப இனி ஒன்றுமில்லை. ஆனாலும் பஸ் எடுத்துப் போய்ப் பெட்டி தூக்கினேன். வீட்டில் இருக்கப் பயமாக இருந்தது, றொசானா. உன்னை நான் கட்டிப்போட்டேன் என்று நீ எழுதாவிட்டாலும் எனக்கு விளங்குகிறது. நீ போய்விட்டாய். நான் இன்னும் அங்கேதான் நிற்கிறேன்.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். கொஞ்சம் இருக்கிறது.

இன்றும் சனிக்கிழமை. வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வெளியே பனி கொட்டுகிறது. விடியத்திலிருந்து நானும் றெஜினாவும் ஒருவரையொருவர் சுற்றிச் சுற்றி நடக்கிறோம். அவனைப் பற்றி எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இந்த மேசையில் வந்திருந்து உனக்கு எழுதுகிறேன். எழுதி முடித்தால் எழும்ப வேண்டும், அதனால்தான் நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவள் குசினியில் தேத்தண்ணி போடுகிறாள். "டனிஸ்ரன் சீனி போடாமல் குடிப்பான், ஞாபகமிருக்கோ?" என்று அங்கிருந்தே கேட்கிறாள்.

எனக்கு ஞாபகமில்லை. எழும்பிப் போகிறேன்.

அண்ணை